அடைக்கலமும் ஆவணமும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனத் துறைத்தலைவர் அவர்கள் மடல் விடுத்தபோது, எதனை எழுதுவது என்று யாம் நெடுநேரம் தயங்கினோம். இத்துறையில் முதுகலைப் பட்டம் பெற்று 1997ஆம் ஆண்டு வெளியேறிய பின்னர், எம் கைப்பட்ட ஏடுகள் எல்லாம் சரக்குப் பதிவேடுகளும் வாடகை ஒப்பந்தங்களும் விசா விண்ணப்பங்களுமாகவே அமைந்துவிட்டன. இலக்கிய ஆய்வு நிகழ்த்தும் தகுதியை யாம் இழந்து பல்லாண்டுகள் ஆகின்றன. ஆயினும் வகுப்பறையில் கற்ற ஒரு காதையின் பொருள், அயல்மண்ணில் ஒரு வாடகை வீட்டின் வாசலில் நின்றபோதுதான் எமக்கு விளங்கிற்று. அது விளங்கிய விதம் எமக்குப் பெருமை தருவதன்று. எனினும், இன்று இத்துறையில் பயிலும் இளையோருள் சிலரேனும் நாளை கடல் கடக்கக்கூடும் என்பதால், அதனை மறைக்காது ஈண்டு எழுதுகின்றோம்.

பொருள்வயிற் பிரிவு

பொருள் தேடிப் பிரிதல் தமிழர்க்குப் புதிதன்று. அகத்திணை இலக்கணம் அதனைப் பிரிவு வகைகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. அயலார் வந்து குடியிருத்தலும் தமிழ்நிலத்திற்குப் புதிதன்று. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் யவனர்தம் இருப்பிடங்கள் காண்போர் கண்ணைக் கவர்ந்ததாக இளங்கோவடிகள் காட்டுகிறார். அந்த யவனர்கள் வாடகையை எவ்வாறு செலுத்தினர், எவரைப் பிணையாகக் காட்டினர் என்பதை மட்டும் அடிகளார் கூறாது விடுத்தார். கூறியிருப்பின், 1998ஆம் ஆண்டு துபாயில் வந்திறங்கிய எமக்குச் சற்றுத் துணையாக இருந்திருக்கும்.

அக்காலத்தில் வளைகுடா செல்வோர் விசாவின் நகலை மட்டுமே கையில் கொண்டு விமானம் ஏறுவர். மூலப்படியை வேலை தருபவர் துபாய் விமான நிலையத்தில் ஒப்படைத்திருப்பார். இறங்கியவுடன் அதற்கென உள்ள சாளரத்தின் முன் வரிசையில் நின்று, பெயர் கூறி, அதனைப் பெற்றுக்கொண்ட பின்னரே குடிநுழைவு அலுவலர்முன் செல்ல இயலும். அத்தாள் அங்கே இருக்கிறதா, இல்லையா என்னும் அச்சம் நான்கு மணிநேரப் பயணம் முழுவதும் நெஞ்சில் அமர்ந்திருக்கும். எமக்கு அது இருந்தது. எம்மோடு அதே விமானத்தில் வந்த ஒருவருக்கு அது வந்து சேரவில்லை. அவர் அங்கிருந்த நாற்காலியில் அமர்ந்தவாறு எம்மை நோக்கிய நோக்கு இன்றும் நினைவில் உள்ளது. யாம் நில்லாது நடந்தோம். அயல்நாட்டில் யாம் கற்ற முதற்பாடம், நில்லாது நடத்தல்.

அடுத்து மருத்துவச் சோதனை. குருதியை எடுத்துப் பார்ப்பர். காசநோய் உண்டா எனக் காண மார்பை ஊடுகதிர்ப் படம் எடுப்பர். இவற்றில் தேறினால் பத்தாக்கா என்று அங்குள்ளோர் வழங்கும் தொழிலாளர் அட்டையும், கடவுச்சீட்டில் மூன்றாண்டுக் குடியிருப்பு முத்திரையும் கிடைக்கும். முத்திரை பதிந்து வந்த கடவுச்சீட்டு எம் கைக்கு வரவில்லை. நிறுவனத்தின் இரும்புப் பெட்டிக்குச் சென்றது. அவ்வாறு வைத்துக்கொள்ளுதல் கூடாது என்பது அந்நாட்டு அரசின் நிலைப்பாடு. வைத்துக்கொள்ளுதல் அங்காடியின் வழக்கம். ஊருக்கு விடுமுறையில் வரும் நாளில்தான் எம் முகத்தை அச்சீட்டில் யாம் மீண்டும் காண்போம். வேலை தருபவரே விசாவிற்கும் பொறுப்பாளர். அவரைக் கபீல் என்பர். வேலை போனால் விசா போம். அந்நாளில் விசா நீங்கினால் முப்பது நாளில் நாடு நீங்க வேண்டியிருந்தது. இந்த ஒரு நூலில்தான் எம்மைப் போன்ற இலட்சக்கணக்கானோரின் வாழ்வு கோக்கப்பட்டிருந்தது.

கட்டில் அளவு தாயகம்

தேரா பகுதியில் நாயிப் கடைத்தெருவை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில் எம் முதல் இருப்பிடம் அமைந்தது. இருப்பிடம் என்றால் வீடு அன்று, அறையும் அன்று. ஓர் அறையில் ஒரு கட்டில். ‘பெட் ஸ்பேஸ்’ என்பது அதன் வழக்குப் பெயர். அடுக்குக் கட்டில்கள் நான்கு, அவற்றில் எண்மர். திருநெல்வேலியார் இருவர், தஞ்சையார் மூவர், மலையாளி ஒருவர், கடப்பைக்காரர் ஒருவர், யாம். மேற்கட்டில் எமக்கு வாய்த்தது. எழுந்து அமர்ந்தால் தலை கூரையில் முட்டும். தலைமாட்டில் ஒரு பை, சுவரில் ஓர் ஆணி, கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி. எம் தாயகத்தின் நான்கெல்லை அவ்வளவே.

அவ்வறையின் வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில் மட்டுமே இருக்கும். ஏனைய எழுவரும் எந்த ஏட்டிலும் இல்லாதவர்கள். ஒப்பந்தக்காரர் வேலை இழந்து ஊர் திரும்பினால் எழுவரும் ஒரே இரவில் பெட்டியைக் கட்ட வேண்டும். ஆறாண்டுகளில் யாம் ஐந்து முறை கட்டில் மாறினோம். அயல்நாட்டில் வீடு என்பது செங்கல்லால் ஆவதன்று, எவர் பெயரில் தாள் உள்ளது என்பதால் ஆவது என்பதை அங்கே அறிந்தோம்.

தொல்காப்பியர் விதியும் ஊதிய வரம்பும்

கடல்வழிப் பிரியும் தலைவன் மகளிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. அவ்விதியை வளைகுடா நாடு ஊதிய வரம்பு என்னும் பெயரால் காத்து வந்தது எனலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் மனைவி மக்களை வரவழைக்க மாத ஊதியம் 4,000 திர்ஹம் வேண்டும். அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹம் வேண்டும். அதனோடு, விசாவில் எழுதப்பட்டுள்ள தொழிலும் அந்நாளில் தகுதியுடையதாக இருத்தல் வேண்டியிருந்தது. தொழிலை நோக்காது வருவாயை மட்டும் நோக்கும் முறை 2019ஆம் ஆண்டில்தான் வந்தது. முதுகலைத் தமிழ் படித்த எம் விசாவில் ‘உதவியாளர்’ என்றிருந்தது. அச்சொல்லை ‘பண்டகக் காப்பாளர்’ என மாற்ற எமக்கு ஆறாண்டுகள் ஆயின. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை எம் பேராசிரியர் ஓராண்டு கற்பித்தார். அது சோற்றுக்கும் உறவுடையது என்பதைத் துபாய் கற்பித்தது.

2004ஆம் ஆண்டு யாம் குடும்ப விசாவிற்கு முயன்றபோது ஒரு விந்தையான சுழலில் சிக்கினோம். குடும்பத்தை அழைக்க வீட்டு வாடகை ஒப்பந்தம் வேண்டும். குடும்பக் கட்டடத்தில் வீடு கேட்டால், “குடும்பம் எங்கே?” என்பார்கள். தனியர்க்கு அங்கே வீடு இல்லை. குடும்பம் வராமல் வீடு இல்லை. வீடு இல்லாமல் குடும்பம் வாராது. துபாயின் வாடகை எம் ஊதியத்திற்கு எட்டாத காரணத்தால், பலரையும் போல யாமும் சார்ஜாவை நாடினோம். இறுதியில் திருமணச் சான்றிதழையும் குழந்தையின் ஒளிப்படத்தையும் காட்டி, ஒரு தரகர் வழியே ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றை அமர்த்தினோம். ஆண்டு வாடகை 18,000 திர்ஹம். அதனை மாதந்தோறும் தரும் வழக்கம் அங்கில்லை; ஆண்டு முழுமைக்கும் பின்தேதியிட்ட காசோலைகளை ஒப்பந்த நாளிலேயே தந்துவிட வேண்டும். நான்கு காசோலைகளில் கையொப்பமிட்டோம். தரகுக்கூலி தனி, பிணைத்தொகை தனி, மின்சாரத்திற்கு வைப்புத்தொகை தனி. ஒப்பந்தத்தைப் பலதியா எனப்படும் நகராட்சி அலுவலகத்தில் பதிந்து முத்திரை பெற்றால்தான் அது விசாவிற்குச் செல்லும்.

அந்நாளில் பணமின்றித் திரும்பும் காசோலை கடனாகக் கருதப்படவில்லை, குற்றமாகக் கருதப்பட்டது. வங்கியில் பணம் குறைந்தால் காவல் நிலையம், பின்னர்ச் சிறை. 2022ஆம் ஆண்டு சனவரியில்தான் சட்டம் மாறி, பணம் போதாமையால் மட்டும் திரும்பும் காசோலைகள் பெரும்பாலும் குற்றவியல் வழக்கிலிருந்து விலக்கப்பெற்றன. யாம் கையொப்பமிட்டது 2004இல். எனவே மூன்று மாதத்திற்கு ஒருமுறை வரும் அந்த நாள் எம் வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கும். பெருநாளும் பொங்கலும்கூட அவ்வாறு வட்டமிடப்பெற்றதில்லை.

திருமணச் சான்றிதழுக்கும் ஒரு கதையுண்டு. எம் திருமணம் ஊர்ப் பெரியவர்கள் கையொப்பமிட்ட ஏட்டில் மட்டுமே பதிவாகியிருந்தது. தமிழ்நாட்டில் அனைத்துத் திருமணங்களையும் பதிதல் கட்டாயம் என்னும் சட்டம் 2009ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆகவே புதிதாகப் பதிவு செய்து, அதனைச் சென்னையில் மாநில அரசிடமும், பின்னர் நடுவண் அரசின் வெளியுறவு அமைச்சகத்திடமும், அதன்பின் அமீரகத் தூதரகத்திடமும், இறுதியில் அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகத்திடமும் சான்றொப்பம் பெற்று, அரபு மொழியில் பெயர்த்து அளித்தோம். எம் துணைவியாரின் பெயர் கடவுச்சீட்டில் ஓர் ‘ஏ’யுடனும், சான்றிதழில் இரண்டு ‘ஏ’யுடனும் இருந்தது. அந்த ஓர் எழுத்து எங்களை இரண்டு மாதம் பிரித்து வைத்தது. குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண்ணுக்காக எழுதிய எமக்கு, அதன் முழு மதிப்பும் அப்போதுதான் தெரிந்தது.

பேராசிரியரின் மடல்

இனி, எழுதத் தயங்கிய செய்திக்கு வருகின்றோம்.

எமக்குச் சிலப்பதிகாரம் கற்பித்த பேராசிரியர் இன்று நம்மிடையே இல்லை. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்மகள் மாதரியிடம் ஒப்படைக்கும் அடைக்கலக் காதையை அவர் நடத்திய நாள்களை, அவ்வகுப்பில் இருந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். “ஊரும் தெரியாது, உறவும் இல்லை, ஒரு கிழவியின் சொல்லை நம்பி மாதரி வீடு கொடுத்தாள். அடைக்கலம் என்றால் என்ன என்று தேர்வில் எழுதாதீர்கள், வாழ்ந்து காட்டுங்கள்” என்பார். யாம் தேர்வில் எழுதினோம். அவ்வாண்டு அத்தாளில் முதல் மதிப்பெண் எமக்கே.

2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவரிடமிருந்து சிறு மடல் ஒன்று வந்தது. நம் துறையில் எமக்கு ஏழாண்டு இளையவரான ஒரு மாணவர் துபாயில் இருப்பதாகவும், பிள்ளை இடர்ப்படுவதாகக் கேள்வி என்றும், கண்ணுங்கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுமாறும் எழுதியிருந்தார். மடல் வந்த மூன்றாம் நாள் அந்த இளவலே எம் வீட்டு வாசலில் நின்றார். தோளில் ஒரு பை. கையில் ஒரு பச்சைக் கோப்பு.

ஊரில் ஒரு முகவரிடம் பெருந்தொகை கொடுத்து வருகை விசாவில் வந்தவர் அவர். வந்தபின் வேலை விசாவாக மாற்றித் தருவதாகச் சொல்லப்பட்டிருந்தது. வருகை விசாவின் நாள் முடிந்தது, வேலை வரவில்லை. அக்காலத்தில் நாள் முடிந்தோர் ஈரானுக்குரிய கீஷ் தீவிற்குப் பறந்து, புதிய விசா வரும்வரை அங்கே காத்திருந்து மீள்வது வழக்கம். அதற்கும் அவரிடம் பணமில்லை. கடவுச்சீட்டோ முகவரின் ஆளிடம் சிக்கியிருந்தது. நாளொன்றுக்கு 100 திர்ஹம் என அரசின் தண்டம் ஏறிக்கொண்டிருந்தது.

“அண்ணே, ரெண்டு நாள் மட்டும் இடம் கொடுங்க. அப்புறம் நான் பாத்துக்கிறேன்” என்றார்.

எம் துணைவியார் ஒன்றும் பேசாது உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி இட்டார். கூடத்தில் பாய் விரித்தோம். எங்கள் மகளுக்கு அப்போது வயது ஐந்து. முதல் நாளே அவரைச் சித்தப்பா என்று அழைக்கத் தொடங்கிவிட்டாள். அவர் அவளுக்குத் தாளில் படகு செய்து தந்தார். உயிரெழுத்து எழுதக் கற்பித்தார். யாம் கற்பிக்க வேண்டியதை அவர் கற்பித்தார்.

இரண்டு நாள் பதினொரு நாளாயிற்று. கட்டடக் காவலாளியை அங்கே நாத்தூர் என்பர். அவர் ஒருநாள் மின்தூக்கியில் எம்மிடம், “விருந்தாளி இன்னும் போகவில்லையா?” என்று கேட்டார். அது குடும்பக் கட்டடம். தனி ஆண்கள் தங்குவதை உரிமையாளர் பொறுத்துக்கொள்வதில்லை. விசா இல்லாதவர்க்கு இடம் தருவதோ சட்டப்படி குற்றம்; தண்டமும் உண்டு, சிறையும் உண்டு. வாடகையும் ஆண்டுதோறும் ஏறிய காலம் அது. துபாயில் வாடகை உயர்வுக்கு 2005ஆம் ஆண்டு இறுதியில் 15 விழுக்காடும், 2007ஆம் ஆண்டிற்கு 7 விழுக்காடும் என அரசே வரம்பு கட்ட நேர்ந்தது என்றால், நிலைமையை உணரலாம். எம் மூன்றாம் காசோலையின் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எம் விசாவும் அவ்வாண்டில் புதுப்பித்தலுக்கு வந்திருந்தது. யாம் பிடிபட்டால் வேலை போம். எம் விசாவில் தொங்கிய துணைவியாரின் விசாவும் மகளின் விசாவும் போம். இரவில் படிக்கட்டில் காலடி ஓசை கேட்டால் இருவரும் விழித்துக்கொள்வோம். ஒருவர் விழித்ததை ஒருவர் அறியாததுபோல் கிடப்போம்.

பன்னிரண்டாம் நாள் இரவு உணவு முடிந்த பின், யாம் அவரிடம் சொன்னோம். எவ்வளவு மென்மையாகச் சொல்ல இயலுமோ அவ்வளவு மென்மையாகச் சொன்னோம். “தம்பி, வேற இடம் ஏதாவது பாத்துக்க முடியுமா?” சொல் மென்மையானால் செயல் மென்மையாகிவிடாது. அவர் எதிர்வார்த்தை கூறவில்லை. விடியற்காலையில் யாம் எழுந்தபோது பாய் மடித்துச் சுவரோரம் வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அந்தப் பச்சைக் கோப்பு. உள்ளே அவருடைய பட்டச் சான்றிதழ்களும் ஒரு துண்டுத் தாளும் இருந்தன. “இது மட்டும் உங்ககிட்ட இருக்கட்டும் அண்ணே. நான் போற இடத்துல பத்திரமா இருக்காது” என்று எழுதியிருந்தார்.

அவரை வெளியேற்றிய வீட்டிலேயே அவர்தம் அடைக்கலப் பொருளை வைத்துச் சென்றிருந்தார்.

மகள் எழுந்து, “சித்தப்பா எங்கே?” என்றாள். வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னோம். அடுத்த வாரம் பேராசிரியர் தொலைபேசியில், “பிள்ளை நலமா?” என்றார். “நலம் ஐயா” என்றோம். இரண்டு பொய்களில் எது பெரிது என்று இன்றும் எமக்குத் தெரியவில்லை.

உடன் நடத்தல்

நான்கு மாதங்கள் அவர் எங்கே இருந்தார் என்பதை யாம் அறியோம். கட்டுமானப் பகுதியொன்றில் மரப்பலகைகளுக்கிடையே படுத்ததாகவும், கிடைத்த நாள்கூலிக்கு உழைத்ததாகவும் பின்னர்க் கூறினார். 2007ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அமீரக அரசு பொதுமன்னிப்பு அறிவித்தது. விசா காலம் கடந்து தங்கியோர் தண்டமின்றி நாடு திரும்பலாம் என்பது அதன் சாரம். கடவுச்சீட்டு இல்லாதோர் தம் நாட்டுத் துணைத்தூதரகத்தில் ‘அவுட்பாஸ்’ எனப்படும் பயணச்சீட்டைப் பெறல் வேண்டும். கோப்பைப் பெற்றுச்செல்ல அவர் எம் வீட்டிற்கு வந்தார். முகம் கறுத்து, கை காய்த்திருந்தது.

இம்முறை யாம் உடன் சென்றோம். அலுவலகத்தில் விடுப்புச் சொல்லி, பர் துபாயில் உள்ள இந்தியத் துணைத்தூதரகத்தின் வாசலில் விடியுமுன் அவரோடு வரிசையில் நின்றோம். எம்முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கானோர். சூன் மாத வெயில் பாலைநிலத்தின் வெயில். அவர்க்கு விண்ணப்பம் எழுதித் தந்தோம். எழுதத் தெரியாத வேறு சிலரும் தாளை நீட்டினர், அவர்களுக்கும் எழுதினோம். ஆறு நாளில் அவருக்குரிய தாள்கள் ஆயத்தமாயின. விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் சென்றபோது, எம் நெஞ்சில் எழுந்த வினா ஒன்றே: இதனைப் பிப்ரவரியிலேயே செய்திருந்தால் என்ன?

செய்திருக்கலாம். அப்போது பொதுமன்னிப்பு இல்லை. ஆனால் துணைத்தூதரகம் இருந்தது. முகவரின் ஆளிடம் கடவுச்சீட்டைக் கேட்டுச் செல்ல எமக்கு வாய் இருந்தது. தண்டத்தொகைக்கும் பயணச்சீட்டுக்கும் ஊர்க்காரர் பத்துப்பேரிடம் கை நீட்டியிருக்கலாம். யாமோ ஒளித்து வைத்தல், வெளியேற்றல் என்னும் இரண்டு வழிகளே உண்டு என எண்ணினோம். உடன் நடத்தல் என்னும் மூன்றாம் வழி எம் அச்சத்தில் மறைந்துபோயிற்று. அடைக்கலக் காதையில் மாதரியைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்த யாம், கவுந்தியடிகளை மறந்தோம். அவர் இடம் கொடுத்தவர் அல்லர்; அவரிடம் கொடுக்க வீடே இல்லை. ஆயினும் சோழநாட்டிலிருந்து மதுரை வரை உடன் நடந்தார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவளைக் காக்க இயலவில்லையே எனப் பின்னர் மாதரி தீயிற் புகுந்தாள் என்கிறது காப்பியம். யாம் மறுமாத வாடகையைக் கணக்கிட்டோம்.

பேராசிரியர் 2009ஆம் ஆண்டு மறைந்தார். உண்மையை அவரிடம் சொல்லும் துணிவு எமக்கு இறுதிவரை வரவில்லை. அவர் அமர்ந்திருந்த துறையின் மலரில் எழுதுவதே இனி எமக்குள்ள வழி.

சொந்த ஊரில் அயலார்

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றில் எம் நிறுவனம் ஆள்குறைப்புச் செய்தது. விசா நீக்கப்பெற்று, நடுவண் அரசு இயக்கிய ‘வந்தே பாரத்’ விமானங்களுள் ஒன்றில் ஊர் திரும்பினோம். மகளின் மேற்படிப்பிற்காகத் திருச்சியில் வாடகை வீடு தேடினோம். இருபத்திரண்டு ஆண்டுகள் அயல்நாட்டில் வீடு தேடிய எமக்கு, இது எளிது என்று எண்ணினோம்.

முதல் வீட்டுக்காரர் ஆதார் அட்டை கேட்டார். அன்று எம்மிடம் இல்லை. இரண்டாமவர் உள்ளூர் முகவரி கேட்டார். எம் பெற்றோர் வீடு முன்பே விற்கப்பட்டிருந்தது. மூன்றாமவர், “இத்தனை வருஷம் வெளியில் இருந்துட்டீங்க. இங்க உங்களை யாருக்குத் தெரியும்?” என்றார். ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும், குடியிருப்பு வீட்டிற்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றெல்லாம் 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் கூறுகிறது. ஆனால் எம்மை யாருக்குத் தெரியும் என்னும் வினாவிற்குச் சட்டத்தில் விடையில்லை. சொந்த ஊரில் யாம் அயலாராய் நின்றோம்.

சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றின் எதிரே ஒரு நகலகம். ஒப்பந்தத்தாள் பற்றிக் கேட்க அதனுள் நுழைந்தோம். இயந்திரத்தின் பின்னாலிருந்து எழுந்தவர் அதே இளவல். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஊர் திரும்பியபின் நகல் எடுத்தும், பத்திரத்திற்கு வருவோர்க்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தும் குடும்பத்தை நிலைநிறுத்தியிருந்தார். செய்தியைக் கேட்டதும் கடையை அடைத்தார். எம்முடன் நடந்தே மூன்றாம் வீட்டுக்காரரிடம் வந்தார்.

“இவங்க எங்க அண்ணன். நான் இருக்கேன்” என்றார். அவ்வளவே. அன்று மாலை எம் கையில் சாவி இருந்தது.

திரும்பும் வழியில், பதின்மூன்று ஆண்டுகளாய் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்றுநேரம் பேசாது நடந்தார். “நீங்க சொல்லலேன்னாலும் நான் போயிருப்பேன் அண்ணே. ராத்திரியில அண்ணி சன்னல்கிட்ட நின்னுக்கிட்டு தெருவையே பார்க்கிறதை நான் பார்த்தேன்” என்றார். பின்னர், “ஆனா நீங்க கூட வருவீங்கன்னு நினைச்சேன்” என்றார்.

முதல் வாக்கியம் எமக்கு ஆறுதல். இரண்டாம் வாக்கியம் உண்மை. இரண்டையும் ஏற்றுக்கொண்டோம்.

மாணவச் செல்வங்களுக்கு

அமீரகத்தில் இன்று பல மாறியுள்ளன. கடவுச்சீட்டில் ஒட்டும் விசாத்தாள் 2022ஆம் ஆண்டு நின்று, அடையாள அட்டையே குடியிருப்புச் சான்றாயிற்று. வேலை தருபவரைச் சாராத விசா வகைகளும் தகுதியுடையோர்க்கு வந்துள்ளன. பொதுமன்னிப்பு 2018இலும் 2024இலும் மீண்டும் வழங்கப்பெற்றது. ஆனால் முகவர்கள் மாறவில்லை. வருகை விசாவில் வந்து வேலை தேடலாம் எனும் ஆசைச்சொல்லும் மாறவில்லை.

ஆகவே கடல் கடக்க எண்ணும் இளையோரே, சிலவற்றை மனத்திற் கொள்க. உங்கள் பெயரும் தந்தை பெயரும் பள்ளிச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் ஒரே எழுத்தில் அமைந்துள்ளனவா என்று இன்றே பாருங்கள். தலைப்பெழுத்தோடு நின்றுவிடும் நம் வழக்கம் அயல்நாட்டுப் படிவங்களுக்குப் புரிவதில்லை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுடன் வருவோரை வருகை விசாவில் ஏற்பதற்கில்லை என 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. வேலை விசா கைக்கு வருமுன் கடன் வாங்கி முகவருக்குக் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டின் நகலை வீட்டிலும் நண்பரிடமும் வைத்துச் செல்லுங்கள். படித்துப் பாராத வாடகைத்தாளில் கையொப்பமிடாதீர்கள். வங்கியில் இல்லாத பணத்திற்குக் காசோலை எழுதாதீர்கள். நாள் கடந்துவிட்டால் ஒளியாதீர்கள். முதல் வாரத்திலேயே துணைத்தூதரகத்தின் வாசலுக்குச் செல்லுங்கள்.

நீங்கள் நல்ல நிலையில் இருக்கும்போது, நாள் கடந்த ஒருவர் பையும் கோப்புமாக உங்கள் வாசலில் வந்து நின்றால், இடம் கொடுக்கச் சட்டம் இடந்தராது போகலாம். அதனை அவரிடம் ஒளியாது சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். காலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு படியிறங்குங்கள். துணைத்தூதரகத்திற்கு வழி உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.